அத்தையோடு கப்பல் பயணம், நடுவில் துறைமுக ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையிலிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும் உல்லாசக் கப்பல் போக ஆரம்பித்ததிலிருந்து, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து சித்தியையோ பெரியப்பாவையோ வரவழைத்துக் கப்பலில் கூட்டிப்போகிறார்கள். போகும் முன் ஆளாளுக்குக் கேள்வி. நான் செம்பூர்க்காரி. பாளையங்கோட்டையிலிருந்து வரும் என் அத்தையோடு இப்படிப் போய்வருகிறவள். அத்தை எழுபதைத் தாண்டியவர், சுத்த சைவம், சமதரையில் நம்மைவிட வேகமாக நடப்பார், படி என்றால் முகம் சுருங்கும். கீழே இருப்பவை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள், நான் சொன்ன பதில்கள்.

மும்பையிலிருந்து கிளம்பினால் எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம்?

வழக்கமானவை மூன்று: கோவா (கப்பல் நிற்பது மர்மகோவா துறைமுகத்தில்), கொச்சி, லட்சத்தீவு. சில பயணங்களில் எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மும்பைக்கே திரும்பிவிடுவார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, "ஊரு எப்ப வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே பயண அட்டவணையில் 'கடல் நாள்' எது, 'துறைமுக நாள்' எது என்று பாருங்கள். துறைமுக நாளில் எத்தனை மணிக்குச் சேர்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதுதான் முக்கியம். மதியம் சேர்ந்து இரவு கிளம்பும் கப்பலில் வந்து, கோவாவில் கோயில் குளம் எல்லாம் பார்க்க முடியாது.

கப்பல் எங்கே நிற்கும்? ஊரிலிருந்து வருபவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

தென் மும்பையில் பல்லார்டு பியர். புதிய சர்வதேசப் பயணிகள் முனையம் அங்கே 2025-ல் திறக்கப்பட்டது. சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸியில் சில நிமிடம். நாகர்கோவில் வண்டியில் சிஎஸ்எம்டி வரை வருகிறவர்களுக்கு வசதிதான், ஆனால் வந்த அன்றைக்கே கப்பல் ஏறும்படி டிக்கெட் போடாதீர்கள். வண்டி சில மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. குறைந்தது ஒரு ராத்திரி முன்னதாக வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள்.

செம்பூர், கோவண்டி பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஈஸ்டர்ன் ஃப்ரீவேதான் வழி. ஆட்டோவை நம்பாதீர்கள், ஆட்டோ சயனைத் தாண்டி வராது. பெட்டியோடு நடுவழியில் இறங்கி டாக்ஸி தேடுவது வயதானவருக்குத் தேவையில்லாத அலைச்சல். எந்த கேட் வழியாக உள்ளே விடுவார்கள் என்பது டிக்கெட்டோடு வரும் தாளில் இருக்கும். அதை டிரைவரிடம் காட்டிவிட்டே ஏறுங்கள்.

கப்பல் ஏறும் நாள் காலையிலேயே மும்பையைச் சுற்றிக் காட்டிவிடலாமா?

கூடாது என்பேன். எலிஃபன்டா குகைக்குப் போய்வந்து கப்பல் ஏறலாம் என்று ஒருவர் திட்டம் போட்டிருந்தார். படகுப் பயணம், நூற்றுக்கும் மேற்பட்ட படி, திரும்பப் படகு, அதற்கப்புறம் கப்பல் சோதனை வரிசை. திங்கட்கிழமையாக இருந்தால் எலிஃபன்டா மூடியே இருக்கும்.

கொஞ்ச நேரம் இருந்தால் முனையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பல்லார்டு எஸ்டேட் தெருக்களில் ஒரு நடை போதும். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் இந்தப் பகுதியின் கட்டடங்களையும் வடிவமைத்தவர். தெருக்கள் அகலம், மர நிழல் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டமே இருக்காது. மும்பை என்றால் தாதர் நெரிசல் என்று நினைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

என்ன மாதிரி அறை எடுப்பது?

ஊர் பார்ப்பதற்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ராத்திரி தூக்கம் சரியில்லை என்றால் மறுநாள் கோவாவாவது கொச்சியாவது! சில அறைகளில் மேலே மடக்கி வைத்த படுக்கையைக் கீழே இறக்கி, ஏணி போட்டு ஏறச் சொல்வார்கள். அது உங்களுக்கு, அத்தைக்கு இல்லை. இரட்டைக் கட்டிலாக ஒட்டிப் போட்டிருந்தால் பிரித்துப் போடச் சொல்லி முன்பதிவின்போதே எழுதிவையுங்கள். குளியலறை வாசலில் ஒரு சின்னத் தடுப்பு உயரமாக இருக்கும், அதில் கால் தடுக்கும். முதல் நாளே காட்டிவிட வேண்டும். ராத்திரிக்குக் குளியலறை விளக்கை எரியவிடுங்கள். அப்புறம், பெட்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

லிஃப்டுக்குப் பக்கத்தில், கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஜன்னல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜன்னல் இல்லாத அறையில் விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் அத்தை மூன்று மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்பதைத் தவிர.

கப்பலிலிருந்து இறங்கினால் ஊருக்குள் நடந்தே போய்விடலாமா?

நம் பக்கத்துத் துறைமுகங்களில் முடியாது. மர்மகோவா நிலக்கரியும் சரக்கும் கையாளும் துறைமுகம். வளாகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க விடமாட்டார்கள். கேட் வரை பேருந்தில் கொண்டுவிடுவார்கள், அல்லது வண்டி உள்ளேயே வரும். கேட்டுக்கு வெளியே வந்தபிறகும் நீங்கள் நினைக்கிற 'கோவா' அங்கே இருக்காது. அது வாஸ்கோ நகரம். பணஜி சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கொச்சியிலும் கப்பல் நிற்பது வில்லிங்டன் தீவில். காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் உருவாக்கிய தீவு அது. கேட்டுக்கு வெளியே கிடங்குகளும் லாரிகளும்தான் கண்ணில் படும்.

இறங்கும்போது கப்பல் அட்டை (கப்பல் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் தருவது), ஆதார் மாதிரி ஒரு புகைப்பட அடையாள அட்டை, இரண்டும் கையில் இருக்க வேண்டும். அத்தையின் அட்டைகள் அத்தையின் பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒருவரே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் இன்னொருவர் கேட்டில் நிற்க வேண்டியதுதான்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, நாமே வண்டி பிடிப்பதா?

இளம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் என்றால் தயங்காமல் தனியாகப் போங்கள். வயதானவரோடு என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: தூரமான இடம், தெரியாத ஊர் என்றால் கப்பல் சுற்றுலா. பேருந்து தாமதமானால் தங்கள் சுற்றுலாக்காரர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்கத்து இடம், நமக்கு மொழி ஓடுகிற ஊர் என்றால் தனி வண்டி. பேருந்தில் நாற்பது பேர் ஏறி இறங்க ஆகும் நேரத்தில் தனி வண்டியில் போகிறவர் ஒரு கோயிலையே பார்த்துவிடலாம். வயதானவருக்குக் கழிப்பறை தேவைப்படும்போது வண்டியை நிறுத்தவும் முடியும். இதுதான் உண்மையில் பெரிய காரணம்.

கோவாவில் ஓலா, ஊபர் கிடையாது. கோவாமைல்ஸ் என்ற செயலி உண்டு, ஆனால் துறைமுக வாசலில் உள்ளூர் டாக்ஸிக்காரர்களின் கைதான் ஓங்கியிருக்கும். எங்கெங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், திரும்ப இதே கேட்டில் விட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி மொத்தத் தொகை பேசுங்கள். போகும் காசை மட்டும் பேசிவிட்டு ஏறினால், திரும்பும்போது அவர் சொன்னதுதான் விலை. பாதிப் பணத்துக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

தாமதமானால் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமா?

போய்விடும். கிளம்பும் நேரம் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வந்தால் போதும் என்று அர்த்தமில்லை. அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கடைசி ஏறும் நேரம் என்று போட்டிருப்பார்கள். நான் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் கேட்டில் இருப்பேன். வெளிநாட்டுத் துறைமுகமாக இருந்தால் கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அந்த ஊரின் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்கும் முன் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அத்தையின் கைப்பையில் ஒரு நாளைக்குக் கூடுதலான மாத்திரையும் மாற்றுச் சேலையும் இருக்கட்டும்.

கோவாவில் ஒரு பகலில் என்ன பார்க்கலாம்?

கடற்கரை என்று எல்லோரும் சொல்வார்கள். ஊரிலிருந்து வரும் அத்தைக்குக் கடற்கரையில் என்ன வேலை? பத்து நிமிடம் கால் நனைப்பார், அப்புறம் வெயில். எங்கள் கணக்கில் கோவா என்றால் இரண்டு இடம்: பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பசிலிக்கா, பிரியோலில் மங்கேஷி கோயில். இரண்டும் ஒரே திசை. துறைமுகத்திலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் காலையில் முதல் ஆளாக இறங்கிவிட வேண்டும்.

பசிலிக்கா 1605-ல் அர்ச்சிக்கப்பட்டது. வெளியே பூச்சு இல்லாமல் செம்புறைக்கல் சிவப்பாகத் தெரியும். உள்ளே புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் வெள்ளிப் பேழையில் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கீழே இறக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது பத்து வருடத்துக்கு ஒரு முறை. கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை வைத்தார்கள். சர்ச்சுக்குள் அத்தை வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவரோ, "மணப்பாட்டுக்கு வந்த சாமில்லா, எட்டிப் பாத்துட்டுப் போவோம்" என்று முன்னால் நடந்தார். சேவியர் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டுக் குகையில் தங்கியவர். திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அவர் கோவாவின் சாமி இல்லை, தங்கள் கரையோரச் சாமி. கூட வருபவருக்கு ஏற்கெனவே மனதில் இடமுள்ள ஒன்றைத் தேடிக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது. பயண வழிகாட்டிகள் போடும் பட்டியலை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

மங்கேஷியில் மூலவர் சிவன். ஏழு அடுக்கு தீபஸ்தம்பமும் தெப்பக்குளமும் முன்னால் இருக்கும். இந்தக் கோயில் முதலில் இருந்தது குஷஸ்தலியில், இன்றைய கோர்ட்டாலிம். போர்த்துக்கீசியர் கோயில்களை இடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1560-ல், லிங்கத்தை ஆற்றுக்கு அப்பால் பிரியோலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வாஸ்கோவிலிருந்து பணஜி வழியாகப் போனால் ஜுவாரி பாலத்துக்கு முன்னால் கோர்ட்டாலிம் வரும். சாமி குடிபெயர்ந்த வழியில் நாமும் போகிறோம் என்று வண்டியில் சொன்னால், தூங்கிக்கொண்டிருக்கும் அத்தைகூட எழுந்து உட்காருவார். பாடகி லதா மங்கேஷ்கரின் குடும்பப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். இது கூடுதல் செய்தி, நன்றாக எடுபடும்.

கோயிலுக்கு உடைக் கட்டுப்பாடு உண்டு. அத்தைக்குக் கவலையில்லை, அரைக்கால் சட்டையில் வரும் மருமகப்பிள்ளைகள்தான் வெளியே நிற்பார்கள்.

கொச்சியில்?

என்னைக் கேட்டால், முழுப் பயணத்திலும் வயதானவரோடு பார்க்க இதுதான் சிறந்த ஊர். தூரம் குறைவு, மொழி புரியும், வில்லிங்டன் தீவிலிருந்து படகிலேயே கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் போகலாம். பழைய அரசுப் படகும் உண்டு, குளிர்சாதன வாட்டர் மெட்ரோவும் உண்டு. வாட்டர் மெட்ரோவின் மிதக்கும் மேடை படகின் தளத்தோடு ஒரே மட்டத்தில் இருப்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் சௌகரியம்.

கிழமை பார்த்துப் போங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர்களின் பரதேசி ஜெபக்கூடத்துக்குச் சனிக்கிழமை. கப்பல் எந்தக் கிழமை சேர்கிறது என்பது முன்பே தெரியும் என்பதால் அதற்கேற்றபடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அரண்மனையைப் போர்த்துக்கீசியர் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். அதனால் டச்சு அரண்மனை என்றே பெயர் நின்றுவிட்டது. படியேறித்தான் உள்ளே போக வேண்டும், ஆனால் அந்தப் படிகளுக்குப் பலன் உண்டு. சுவரெல்லாம் ராமாயண ஓவியம். ராமாயணம் தெரிந்த அத்தையோடு போனால் வழிகாட்டி வேண்டாம், ஒவ்வொரு சுவராக அவரே கதை சொல்லிவிடுவார். நீங்கள் தலையாட்டினால் போதும்.

ஜெபக்கூடம் 1568-ல் கட்டப்பட்டது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல நிற ஓடுகள், கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடைகள். அத்தை மிளகை உள்ளங்கையில் போட்டு இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது போன வருசத்து மிளகு" என்று கடைக்காரரிடமே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து வேறு டப்பாவை எடுத்துவந்தார்.

கோட்டைக் கொச்சியில் சீன வலைகளையும் புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். வாஸ்கோ ட காமா 1524-ல் இறந்ததும் அந்தச் சர்ச்சில்தான் புதைத்தார்கள், பிற்பாடு லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். பல பேர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: வேளி மைதானத்துப் பக்கம் இருக்கும் தோபி கானா. டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் கொடிகளில் காயும் வேட்டிகள், உள்ளே கனமான இஸ்திரிப் பெட்டிகள். தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும், மலையாளம் கலந்த தமிழ். "எந்த ஊரு?" என்று ஒரு பெரியவர் கேட்க, அத்தை பாளையங்கோட்டை என்றார். அடுத்த கால் மணி நேரம் நான் அங்கே தேவைப்படவே இல்லை. அவர்கள் வேலை செய்யும் இடம் அது, அதனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். மட்டாஞ்சேரி ஒன்று, கோட்டைக் கொச்சியில் ஒன்று, மதியச் சாப்பாடு, கப்பல். நேரம் மிஞ்சினால் எறணாகுளத்தப்பன் கோயில், ஆனால் நடை சாத்தும் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். மதியத்தில் கேரளக் கோயில் எதுவும் திறந்திருக்காது.

லட்சத்தீவுக்கு வயதானவரைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், இறக்குவதுதான் சிரமம். பவளப்பாறைக்கு உள்ளே ஆழமில்லாததால் பெரிய கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும், அங்கிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும், சரியான நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் முழங்கால் சொன்னபடி கேட்க வேண்டுமே. கடல் சரியில்லை என்றால் இறக்கவே மாட்டார்கள்.

உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பெரும்பாலும் கப்பல் நிறுவனமே வாங்கித்தரும், அடையாள அட்டையும் புகைப்படமும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மக்கள் வசிக்கும் தீவுகளில் மதுவிலக்கு. கரையில் கிடக்கும் பவளத்துண்டைப் பேரனுக்கு என்று எடுத்து முடிந்துகொள்ளக் கூடாது, சட்டப்படி குற்றம். அத்தைகளிடம் இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

சாப்பாடு?

நம் ஊர்க் கப்பல்களில் சைவம், ஜைன உணவு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். இட்லி இருக்கும், மாட்டுங்கா இட்லியை எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து சமைத்ததைக் கொண்டுவரப் பொதுவாக விடமாட்டார்கள், கப்பலிலிருந்து சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கவும் விடமாட்டார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், மதியம் அந்த ஊர்ச் சாப்பாடு. மோர் மட்டும் ராத்திரி எங்கேயும் சரியாகக் கிடைப்பதில்லை. தயிர் வாங்கி நீங்களே கலக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குமட்டலுக்கு என்ன செய்வது?

எளிதாகச் செரிக்கும் உணவு, தொடுவானத்தைப் பார்த்தபடி திறந்த தளத்தில் உட்காருவது, இஞ்சி. மாத்திரை தேவை என்றால் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடமே கேட்டு வாங்கிவாருங்கள். குமட்டல் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு உங்கள் கைக்குக் கிடைத்ததைக் கொடுக்கக் கூடாது. கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணமும் உண்டு. பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

"நான் இறங்கல, நீ போயிட்டு வா" என்று அத்தை சொல்லிவிட்டால்?

நம்புங்கள், போய்வாருங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கப்பல் அமைதியாக இருக்கும். நல்ல நாற்காலி, டீ, கூட்டமில்லாத லிஃப்ட். அது அவருக்கு ஓய்வு நாள். ஆனால் முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்தறிய வேண்டும்: உண்மையிலேயே களைப்பா, அல்லது 'என்னால் உனக்குத் தொந்தரவு' என்ற கூச்சமா? கூச்சம் என்றால், "அத்தை, எனக்கு அந்தச் சேலைக்கடையில் ஒண்ணும் தெரியாது, நீங்க வந்தாதான் ஆச்சு" என்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். களைப்பு என்றால் வற்புறுத்தாதீர்கள். தனியாக இருக்கும் நாளில் அவர் அறை எண், உங்கள் போன் எண், வரவேற்பு மேசையை அழைக்கும் முறை மூன்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

நாள் முழுக்கச் சேர்ந்தே இருந்தால் சண்டை வராதா?

வரும். சின்ன அறை, ஒரே குளியலறை, வேறு போக்கிடம் இல்லை. துறைமுக நாளில் ஆளுக்கொரு இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அத்தையின் இடத்துக்கு முதலில் போவோம், அவர் தெம்பாக இருக்கும்போதே. என் இடம் பிறகு. நேரம் போதவில்லை என்றால் என் இடம்தான் விடுபடும், அதில் எனக்கு வருத்தமில்லை, கோவா மும்பையிலிருந்து ஒரு ராத்திரி ரயில்தானே. சாயங்காலம் கப்பலில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருக்கு அதற்குள் எப்படியும் மூன்று சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள்.

பணத் தகராறைத் தவிர்க்க, டிக்கெட் விலை போக என்னென்ன செலவு வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்: துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை, கப்பல் அட்டையில் ஏறும் மற்ற செலவுகள். விளம்பரத்தில் வரும் விலை ஒரு அறைக்கு அல்ல, இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் போகலாமா?

கைவசம் பணமும் பாஸ்போர்ட்டும் இருந்தால் நல்ல தேர்வு. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். குயின் தெருவில் 1833-லிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயில், சுற்றிலும் தமிழ்க் கடைகள். ஊரிலிருந்து வந்தவருக்கு வெளிநாடு என்ற பயமே இருக்காது.

மலேசியாவின் இன்னொரு துறைமுகமான போர்ட் கிளாங் அப்படியில்லை. கோலாலம்பூரும் பத்துமலையும் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்துமலைக்கு 272 படி. ஏற முடியாதவர் கீழே 140 அடி முருகன் சிலையின் காலடியில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். எங்கள் அத்தையாக இருந்தால் சிலையைப் பார்த்த பிறகு படியேறியே தீருவேன் என்பார், அந்தச் சண்டைக்கும் தயாராகப் போங்கள். விசா விஷயத்தில் ஒன்று: சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, மலேசியா போய், திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. டிக்கெட் போடும் முகவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

போன் வேலை செய்யுமா?

கரை மறைந்ததும் நம் சிக்னல் போய்விடும். அதற்கப்புறம் போன் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்தால் கட்டணம் எகிறும். ஏறியதுமே விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள், அத்தையின் போனையும் சேர்த்து. தினமும் காலையில் போன் செய்யும் மகள் அமெரிக்காவில் இருந்தால் அவருக்கு முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து பதறிப்போய் மும்பை வீட்டுக்கெல்லாம் அழைப்பு வரும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து பிப்ரவரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் கப்பலுக்குள் ஒன்றும் தெரியாது, இறங்கினால் கொச்சிப் புழுக்கம் ஆளை வாட்டும்.

திரும்பி மும்பையில் இறங்கும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

முந்தின ராத்திரியே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மாத்திரை, கண்ணாடி, மறுநாள் கட்டும் சேலை, பல்செட் டப்பா இவற்றைக் கைப்பையில் எடுத்துவைத்த பிறகுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும். இறங்கும் வரிசை தளவாரியாக வரும், அவசரப்பட்டு முன்னால் போய் நின்றால் நிற்க வேண்டியதுதான், அத்தைக்கு உட்கார இடம் பார்த்துவிட்டு நீங்கள் காத்திருங்கள். அன்று சாயங்காலமே ஊருக்கு ரயில் என்றால், வண்டி கிளம்புவது சிஎஸ்எம்டியிலிருந்தா, குர்லாவில் இருக்கும் எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) நிலையத்திலிருந்தா என்று டிக்கெட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் மும்பைப் போக்குவரத்து முழுவதும் இருக்கிறது.